மறைத்த நோயும் திறந்த கதவுகளும்

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் பள்ளிகளைப் பற்றியும் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் எழுதுவதே மரபு. நாமோ மகளிர்க்கு வரும் மார்பகப் புற்றுநோயைப் பற்றியும், அந்நோய்க்கு மருத்துவம் நாடிச் செல்வதில் நம் பெண்டிர்க்கு இருந்துவரும் தடைகளின் வரலாற்றைப் பற்றியும் எழுத முற்பட்டுள்ளோம். கல்விக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் வினவலாம்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பல்லாண்டுகள் பார்த்து வருவோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தந்தை நோயுற்றால் குடும்பம் கடன் வாங்குகிறது; தாய் நோயுற்றால் மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறாள். அடுப்படி வேலையும், தம்பி தங்கையரைப் பேணும் வேலையும் அவள் தலையில் விழுகின்றன. சில நாள் சென்றதும், தாய் செய்துவந்த தார் சுற்றும் வேலைக்கோ, அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கும் வேலைக்கோ அவளே போகிறாள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பெண்ணைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பது எத்துணை அரிது என்பதை ஆசிரியப் பணியில் உள்ளோர் அறிவர். ஆதலின், தாயின் உடல்நலம் கல்விக் கழகத்தின் அலுவல்களுள் ஒன்றே ஆகும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நம் வட ஆற்காட்டு நிலப்பகுதிக்கு மேனாட்டு மருத்துவம் வந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது. 1853-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ஆற்காட்டு மிஷனின் தொடக்ககால நிலையங்களுள் நம் ஆரணியும் ஒன்று. 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவர் சைலஸ் ஸ்கடர் மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அக்குடும்பத்திலே, அதே இராணிப்பேட்டையில், 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1890-களின் தொடக்கத்தில் அவர் தம் தந்தையாருடன் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது நிகழ்ந்தது பலரும் அறிந்த செய்தியே. ஒரே இரவில், பிராமணர் ஒருவர், முகமதியர் ஒருவர், உயர்சாதி இந்து ஒருவர் என மூவர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியர்க்கு உதவ வருமாறு ஐடாவை அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைத் தொடுவதைக் காட்டிலும் அவள் இறப்பதே மேல் என்று கூறி மூவரும் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அதன் பயனாகவே ஐடா மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இன்று உலகறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதன் வழி வந்ததே.

இச்செய்தியைப் படிக்குங்கால் நாம் வேறொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றிரவு அக்கதவைத் தட்டிய மூவருள் சேரியிலிருந்து வந்தவர் எவருமில்லை. சேரியில் பிரசவ வேதனை இல்லாமல் இல்லை. அக்கதவைத் தட்டலாம் என்ற எண்ணமே அங்கு எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். மேல்தெருப் பெண்ணை மானம் என்னும் சொல் தடுத்தது. நம் பெண்ணை அதே மானமும், அதனுடன் சாதியும் வறுமையும் சேர்ந்து தடுத்தன.

பெயரிலேயே இருந்த மதில்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவ்வம்மையாரின் முயற்சியால் 1885-இல் சென்னையில் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று ஏற்பட்டது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் அதற்கு அன்று இடப்பட்ட பெயர், விக்டோரியா சாதி மற்றும் கோஷா மகளிர் மருத்துவமனை என்பதாகும். ஆடவர் கண்ணில் படாது வாழும் கோஷாப் பெண்களும், சாதி இந்துப் பெண்களும் தயங்காமல் வருவதற்காக அப்பெயர் இடப்பட்டது. நல்ல நோக்கமே. ஆயினும், எந்தப் பெண்களை எண்ணி அக்கட்டடம் எழுப்பப்பட்டது என்பதை அதன் பெயர்ப்பலகையே சொல்லிற்று.

நம்மவர் மருத்துவம் அறியாதவர் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவரே. ஆனால், பொது இடம் என்று பெயர் பெற்ற எதிலும் நுழைவதற்கு நம் முன்னோர் சட்டமன்றத்திலேயே போராட வேண்டியிருந்தது. 1924-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடங்கள் ஆகிய யாவற்றையும் எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி, அதே ஆண்டில் அரசாணையாகவும் வெளிவந்தது. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு மகப்பேற்றுக் கால உதவி வழங்கும் மசோதாவை அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். உழைக்கும் பெண்ணின் உடல்நலம் ஒரு வீட்டின் தனிச் செய்தி என்றில்லாமல் நாட்டின் பொறுப்பு என்ற கருத்து, நம் தலைவர்கள் காலத்திலேயே சட்டமன்றம் ஏறிவிட்டது என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

அடையாற்றில் ஒரு தொடக்கம்

இரட்டைமலையார் உறுப்பினராக வீற்றிருந்த அதே மன்றத்தில், 1927-இல் ஓர் அம்மையார் வந்து அமர்ந்தார். அவரே இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் எனப் போற்றப்படும் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிறப்பின் பெயரால் இழிவு என்பது யாது என்பதைத் தம் இளமையிலேயே உணர்ந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணியைப் பாடநூல்களில் படிக்கிறோம். அவருடைய மற்றொரு பெரும்பணி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்ணெதிரே கண்டவர் அவர். அந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்பதை 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே எடுத்துரைத்தார். புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அந்நாளில் பரவலாக நிலவியது. அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழி நன்கொடை திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதனை நடத்தினார். 1955-இல் அங்கு வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அவ்வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டார். ஏழை நோயாளிகட்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் என்பதே அதன் கொள்கை.

இந்நிறுவனம் செய்த மற்றொரு தொண்டு கணக்கெடுப்பு. 1982 முதல் சென்னை மாநகரில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு வைக்கப்பட்டது. 1980-களில் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது குறைந்து, இன்று மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்துவிட்டது. ஆயுள் நீண்டமை, முதற்பேறு தாமதமாதல், பிள்ளைகள் எண்ணிக்கையும் தாய்ப்பால் கொடுக்கும் காலமும் குறைதல், உடல் எடை கூடுதல் முதலியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. நகர வாழ்வு பரவுமிடமெல்லாம் இந்நோயும் பரவுகிறது. ஆரணியும் நகரமே.

அறிவியல் கண்ட வழி

இந்நோய் புதிதன்று. பண்டை எகிப்தியர் ஏட்டிலேயே மார்பில் தோன்றும் கட்டிகளைப் பற்றிய குறிப்பு உண்டு. அவற்றுக்கு மருந்தில்லை என்றே அவ்வேடு கூறுகிறது. 1811-இல் ஃபேனி பர்னி என்னும் ஆங்கில எழுத்தாளர், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், முழு நினைவுடன் மார்பை அறுத்துக்கொண்டார். அதன்பின் 1840 வரை வாழ்ந்தார். 1846-இல் மயக்க மருந்து வந்தது. 1895-இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. 1890-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பையும் அதன் அடித்தசையையும் முழுதாக அகற்றும் முறையைப் பரப்பினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே விதியாயிற்று.

பெண்கள் அஞ்சி ஒளிந்ததற்கு அவ்விதியும் ஒரு காரணம். ஆனால், 1985-இல் பெர்னார்டு ஃபிஷர் என்னும் மருத்துவரின் ஆய்வு வெளிவந்தது. தொடக்க நிலையில் கண்டறிந்தால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் மருத்துவம் அளித்தாலும், உயிர் பிழைத்தலில் முழு மார்பை அகற்றுவதற்கு அது குறைந்ததன்று என்று அது மெய்ப்பித்தது. ஆதலின், முன்கூட்டி வருபவள் உயிரோடு பெரும்பாலும் தன் உறுப்பையும் காத்துக்கொள்ளலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் தரும் கணக்கு நம்மைச் சிந்திக்க வைக்கும். மார்பகப் புற்றுநோய் கண்டபின் ஐந்தாண்டுகள் உயிர் வாழ்வோர் செல்வ நாடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல். இந்தியாவில் ஏறத்தாழ 66 விழுக்காடு. 2022-இல் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. நோய் ஒன்றே. முற்றிய பின் வருவதும், வந்தபின் மருத்துவத்தை முடிக்காமல் இடையில் நின்றுவிடுவதும் அவ்விடைவெளிக்குப் பெருங்காரணங்கள்.

பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் இருபது ஆண்டுகள்

மாமோகிராம் என்னும் கதிர்ப்படக் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. எனின், ஏழைப் பெண்களுக்கு வழியுண்டா? இவ்வினாவுக்கு விடை தேடி, மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நகரத்தின் குடிசைப் பகுதிகளில் வாழும், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் சோதித்தனர். அப்பணியாளர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். 2021-இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரில் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குட்பட்டோரில் இறப்புக் குறைவு அவ்வாறு தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும், பயின்ற ஒரு பெண்ணின் கை, மற்றொரு பெண்ணின் உயிரைக் காக்கவல்லது. திண்டிவனத்தில் அன்றிரவு இல்லாதுபோனது அந்தக் கையே.

இன்னும் மறைக்கப்படுவது ஏன்?

கதவுகள் பல திறந்துவிட்டன. எனினும் கட்டியைக் கண்ட பெண் ஆறு மாதம், ஓராண்டு என்று வாளாவிருப்பதை இன்றும் காண்கிறோம். காரணங்களைப் பகுத்துப் பார்த்தல் நலம்.

முதற்காரணம், வலியின்மை. பல் வலித்தால் அன்றே ஓடுகிறோம். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காதது நோயாகாது என்று கருதுகின்றனர். பால் கட்டியிருக்கும் என்று பத்துப் போடுவதும், மந்திரிப்பதும் இதனாலேயே.

இரண்டாவது, கூலி. வேலூருக்குச் சென்று வர ஒரு நாள் ஆகும். ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மீண்டும் வரச்சொன்னால் ஒரு நாள் என்று கணக்கிடும் பெண்ணை அறியாமையுடையவள் என்று பழிப்பது முறையன்று. அவள் கணக்கு சரியே. ஆனால் கட்டி வளரும் கணக்கு அதில் சேரவில்லை.

மூன்றாவது, அவமதிப்பின் நினைவு. நோய் யாதென்று கேட்குமுன் எந்தத் தெரு என்று கேட்கப்பட்ட அனுபவம் நம்மவர் பலர்க்கு உண்டு. ஒருமுறை அவ்வாறு நேர்ந்தால், அவள் மட்டுமன்று, அவள் சொல்லக் கேட்ட பத்துப் பெண்களும் தயங்குவர். இதற்கு மருந்து ஒதுங்கியிருத்தல் அன்று. 1924-இன் அரசாணையைப் பெற்றோர் ஒதுங்கியிருந்து பெறவில்லை.

நான்காவது, நாணம். இதனைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். தென் திருவாங்கூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணிதல் கூடாது என்ற கொடுமை இருந்தது. நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு போராடி, 1859-இல் மன்னரின் ஆணை பெற்று, மார்பை மறைக்கும் உரிமையை வென்றனர். மறைத்தல் நம் பெண்டிர் போராடிப் பெற்ற மானம். அதனை எவரும் இகழற்க. ஆனால் அந்த உரிமையின் பொருள், தன் உடல் தனக்கே உரியது, யாரிடம் எப்பொழுது காட்டுவது என்பதைத் தானே முடிவு செய்வாள் என்பதாகும். மருத்துவரிடம் காட்டுவதும் அந்த உரிமையின் பாற்பட்டதே. 1974-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு, தமக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்ததை மறைக்காமல் நாட்டுக்கு அறிவித்தார். அதன்பின் அந்நாட்டுப் பெண்கள் பெருந்திரளாகச் சோதனைக்குச் சென்றனர். நம் தெருவிலும், பிழைத்து வந்த ஒருத்தி வாய் திறந்தால் அதே பயன் விளையும்.

ஐந்தாவது, மகளின் திருமணம். தாய்க்குப் புற்று என்றால் பெண் கொள்ள வரமாட்டார் என்ற அச்சம் பலரை வாயடைக்கிறது. இந்நோய் தொற்றுவதன்று. மரபுவழி வருவது நூற்றுக்குப் பத்துக்கும் உட்பட்ட அளவே. மகளுக்காக மறைத்த தாய், அம்மகளைத் தாயற்றவளாக்கிச் செல்கிறாள்.

அறிந்துகொள்ள வேண்டுவன

மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, தோலில் குழி விழுதல் அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், ஒரு பக்கத்தின் வடிவம் மாறுதல், ஆறாத புண். இவற்றுள் எதுவாயினும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் அறிக. புற்றா அன்றா என்பதைச் சொல்ல வேண்டியது சோதனை. அண்டை வீட்டாரும் அல்லர், நம் அச்சமும் அன்று. ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்பது வீண் அச்சம். நம் நாட்டில் நாற்பதுகளிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதால், இளவயது என்று அசட்டை செய்தல் ஆகாது. அரிதாக ஆடவர்க்கும் இது வருவதுண்டு.

செல்லுமிடங்கள் தொலைவில் இல்லை. ஆரணி அரசு மருத்துவமனை நம் ஊரிலேயே உள்ளது. வேலூர்ப் பேருந்தில் கண்ணமங்கலம், கணியம்பாடி கடந்தால் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் சென்றால், 1969-இல் புற்றுநோய்க்கு இரையான பேரறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீட்டு வாயிலுக்கே வருகின்றனர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்கட்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அந்த அட்டையை நோய் வந்தபின் தேடாமல், இப்பொழுதே எடுத்து வைத்தல் அறிவுடைமை.

கழகம் செய்யத்தக்கது

வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுக்கொரு முறையேனும் நம் தெருக்களில் பெண் மருத்துவரையோ பெண் செவிலியரையோ கொண்டு சோதனை முகாம் நடத்துதல். முப்பது வயது கடந்த பெண்கள் அனைவரையும் வரச்செய்தல். இரண்டாவது, மருத்துவமனைக்குச் செல்லும் பெண்ணுடன் படித்த பெண் ஒருத்தி துணை செல்லும் ஏற்பாடு. சீட்டு எழுதவும், மருத்துவர் சொல்வதைக் கேட்டு விளக்கவும், எந்தத் தெரு என்று கேட்பவர்க்கு விடை கூறவும் அவள் இருப்பாள். மூன்றாவது, அந்நாளின் கூலியை ஈடு செய்ய ஒரு சிறு நிதி. பெருந்தொகை வேண்டியதில்லை, பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியுமே பல உயிர்களின் விலையாக இருக்கிறது.

ஆடவர்க்கும் ஒரு சொல். திண்டிவனத்தில் மூன்று பெண்களின் உயிரைப் பற்றி முடிவு செய்தோர் அவர்தம் கணவன்மாரே. அப்பெண்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் தாயோ மனைவியோ தமக்கையோ ஒரு மாற்றத்தைச் சொன்னால், அறுவடை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மறுநாள் காலைப் பேருந்தில் உடன் செல்லுங்கள்.

மாணவியரே, நீங்கள் பள்ளியில் கற்றதை இரவில் அன்னைக்குச் சொல்லுங்கள். இக்கட்டுரையை எழுத்தறியாத தாய்மார்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். இரட்டைமலையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் திறந்துவைத்த கதவுகள் வெளியே உள்ளவை. வீட்டின் உட்கதவை நீங்களே திறக்க வேண்டும். அப்பொழுது, கழகம் பொன் விழாக் காணும் நாளில், தாய் நோயால் பள்ளியை விட்டு நின்ற பெண் என்ற குறிப்பு எந்த வருகைப் பதிவேட்டிலும் இராது என்று நம்புகிறோம்.